வெர்மான்ட் கொப்பாட்டன்

பதினாறில் ஒரு பங்கு அமெரிக்கன் என்றால் ஆள் எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று லூமிஸ் கேட்டபோது நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாளி வெறும் தேத்தண்ணீரில் ஒரு கரண்டி பால் விட்டால் வருகிற நிறம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்து, முழங்கையின் உட்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கள் புடவைக்கடைக்கு வருகிற பெண்கள் சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பது இப்படித்தான். அப்போது அப்பா முகத்தைக் கோயிலில் நிற்பவர் போல வைத்துக்கொள்வார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

1971ஆம் ஆண்டு அது. சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஃபிளாட்டில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். அவனுடைய முழுப்பெயர் டானியல் லூமிஸ் ஆனந்தராஜா. வட்டுக்கோட்டைக்காரன், அமெரிக்க மிஷன் கிறிஸ்தவன், ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்காளன். நான் யோகேஸ்வரன், யாழ்ப்பாணம் பெரியகடை வியாபாரி வீட்டுச் சைவப் பிள்ளை. துணித் தொழில் படிக்க வந்து, கம்பளி வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் ஆட்டு மயிரைத் தடவித் தரம் சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். இருவரும் மாணவராக வந்து, படித்த படிப்பின் தயவில் தங்க அனுமதி பெற்றவர்கள். பெயரைத் தவிர லூமிஸிடம் அமெரிக்கத்தனம் எதுவும் இல்லை. நிறத்தில் என்னை வென்றவன். நானே வீட்டில் கறுவல் என்று பெயர் எடுத்தவன்.

அந்தப் பதினாறில் ஒரு பங்கு அவனுக்குத் தேவைப்பட்டது அக்காவுக்காக. மார்கரெட் அக்கா அவனைவிட நன்றாக மூத்தவள். தாய் நேரத்தோடு போய்விட, அவள்தான் வளர்த்தாள். அவளுடைய சீதனக் காணி இவன் ஏறிய கப்பலுக்கு டிக்கெட் ஆனது. அதன்பிறகு அவளைப் பெண் கேட்டு ஒருவரும் படலை திறக்கவில்லை. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்று, வட்டுக்கோட்டையில் தனியே இருந்தாள். கண்ணில் அழுத்த நோய். பார்வை இரண்டு பக்கமும் கதவு சாத்துவது போல மூடிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்து டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். இறக்குமதித் தடையில் அது கடைகளில் இல்லை. இவன் இங்கிருந்து அனுப்பியதில் பாதி போய்ச் சேர்ந்தது, பாதி வழியில் யாருடைய கண்ணுக்கோ போனது. போன பார்வை போனதுதான், சத்திரசிகிச்சை செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஆனால் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று சிட்னியில் ஒரு கண் வைத்தியர் சொன்னார்.

கொண்டுவருவதுதான் முடியாத காரியம். அந்தக் காலத்தில் ஆசியாவிலிருந்து இங்கே குடிவர இந்த நாட்டுக்கு வேண்டிய படிப்பு இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ரீச்சரம்மா ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றும் கேட்டுப் பார்த்தான். தனியாள், கண் நோயாளி, திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உறுதி என்று மறுத்துவிட்டார்கள். அப்படியென்றால் நீயே ஊருக்குப் போய் அவளோடு இரேன் என்று நான் சொன்னதுண்டு. போனால் மருந்தும் இல்லை, மருந்து அனுப்ப ஆளும் இல்லை என்றான்.

வழி காட்டியவன் மெல்போர்னில் இருந்த ட்ரெவர். கொழும்பில் லூமிஸோடு படித்த பறங்கி நண்பன். 1970 கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில், மற்றவர்கள் இயேசுநாதரை மாட்டுகிற இடத்தில், ட்ரெவர் தன் வம்ச மரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். உச்சியில் ஒரு ஒல்லாந்துச் சிப்பாய். அந்தச் சிப்பாயின் பேரால் ட்ரெவருடைய தாய், தாயின் இரண்டு சகோதரிகள், மாமியார் எல்லோரும் கப்பலில் வந்திறங்கி, அன்று அதே வீட்டில் வரிசையாகக் கதிரைகளில் இருந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய இரத்தம் கலந்தவர்களுக்கு வேறு வாசல், அது கொஞ்சம் அகலமானது என்று ட்ரெவர் விளக்கினான். எவ்வளவு கலப்பு என்பதைவிட ஆள் எப்படி வாழ்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள் என்றும் சொன்னான். உன் அக்கா இங்கிலிஷ் பேசுகிறாள், கோயிலில் ஓர்கன் வாசிக்கிறாள், முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறாள். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று லூமிஸின் முதுகில் தட்டினான்.

லூமிஸ் வீட்டுக் கதை இதுதான். போன நூற்றாண்டில், வெர்மான்ட் என்ற அமெரிக்க மாநிலத்தில் எபனேசர் லூமிஸ் என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர் இருந்தார். அவர் பாதிரிமாரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அவர் மகன் டானியல் லூமிஸ்தான் வட்டுக்கோட்டையில் உபதேசியாராக இருந்த இவர்களுடைய பூட்டனார். கமக்காரர் எதற்கு வந்தார் என்று கேட்டால், பாதிரிமாருக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்ட அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தது என்று நம்புவதற்கு உறுதியான விசுவாசம் வேண்டும். அது அந்தக் குடும்பத்தில் தாராளமாக இருந்தது. வட்டுக்கோட்டையில் அவர்கள் வீட்டை 'அமெரிக்கன் வளவு' என்றே சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குழப்படி செய்தால் மார்கரெட் அக்கா, "எங்கட ஆக்கள் வெர்மான்டில பனிக்குள்ள நடந்து படிச்சவை" என்று ஏசுவாளாம்.

மெல்போர்னிலிருந்து திரும்பியதும் தேடல் தொடங்கியது. சனிக்கிழமைகளில் மக்குவாரி வீதி நூலகம். கம்பனி வேலையில் காட்டாத சுறுசுறுப்பை அவன் வெர்மான்டில் காட்டினான். அங்கே எப்போது பனி விழும், எப்போது உருகும், வயலில் பொறுக்கிய கல்லால் எப்படி மதில் கட்டுவார்கள், எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். ஒருநாள் மேப்பிள் மரத்தில் சாறு எடுப்பதைப் பற்றி வாசித்துவிட்டுப் பரவசமாக வந்தான்.

"எங்கட பனை மாதிரித்தான் ஐசே. மரத்தில சட்டி கட்டி இறக்கிப் பாகாக் காய்ச்சிப் பாணி எடுக்கிறாங்கள். என்ர கொப்பாட்டனும் சட்டி கட்டின ஆள்தான்."

"இதை ஊரில போய்ச் சொல்லிப்போடாதை," என்றேன். "சட்டி கட்டுற சாதி எண்டு தெரிஞ்சால் உன்ர அக்கா உன்னைக் குசினிக்குள்ள எடுக்கமாட்டா."

என் பங்குக்கு நானும் விசாரித்தேன். நான் வேலை செய்த கம்பளிக் கந்தோரில் ஒரு பழைய ஆள், போன நூற்றாண்டில் வெர்மான்டிலிருந்து மெரினோ ஆட்டுக் கிடாய்கள் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு கிடாய்க்கும் தகப்பன் யார், தாய் யார், தாயின் தாய் யார் என்று வம்சம் சொல்ல முடிந்ததாம். இதைக் கேட்டு லூமிஸ் மனம் வெதும்பினான். கிடாய்க்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று.

கடைசியில், நூலகத்தில் கிடைத்த ஒரு ஊர்ப் பெயருக்கு, தபாலதிபர் என்று மட்டும் விலாசம் எழுதி ஒரு கடிதம் போட்டான். தபாலதிபர் அதை அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒரே லூமிஸிடம் கொடுத்திருக்கிறார். மிஸ் ஈடித் லூமிஸ், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எபனேசருடைய தம்பியின் வழியில் வந்தவர். தங்கள் குடும்பம் முழுவதையும் முப்பது வருஷமாகத் தோண்டி வைத்திருப்பதாகவும், கப்பல் சுற்றுலாவில் பெப்ரவரி மாதம் சிட்னி வருவதாகவும், அப்போது நேரில் பேசலாம் என்றும் பதில் போட்டார். லூமிஸ் அந்தக் கிழமை முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தான். நான் கொஞ்சம் யோசித்தேன். நல்ல சேதி என்றால் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். நேரில் வந்து சொல்லுகிறேன் என்கிற ஆள் பெரும்பாலும் விலையைக் கூட்டத்தான் வருவான்.

சேர்குலர் கீ துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. எதிரே இன்னும் கட்டி முடியாத ஒபரா ஹவுஸைச் சுற்றிப் பாரந்தூக்கிகள். துணித் தொப்பியும் தட்டைச் சப்பாத்துமாக நெடுநெடுவென்று ஒரு கிழவி இறங்கி வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், தயங்காமல் லூமிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை எப்படி விலக்கினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஹோம்புஷில் கோழிக்கறி வைத்திருந்தோம். உறைப்பைக் குறைத்திருந்தேன், அப்படியும் மிஸ் லூமிஸ் மூன்று தரம் தண்ணீர் கேட்டார். சாப்பிட்டு முடித்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுவது போல நிதானமாகச் சொன்னார். எபனேசர் லூமிஸ் யாழ்ப்பாணம் வரவில்லை. எங்குமே போகவில்லை. தன் மாவட்டத்தைத் தாண்டாத மனிதர், கடலைக் கண்ணால் கண்டதில்லை. அவருக்கு ஒரே மகன் டானியல். தொண்டை அடைப்பான் கண்டு சிறுவயதிலேயே போய்விட்டான். அந்தக் காலத்தில் மிஷன் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அவர் சொல்லுகிற பெயரை வைப்பார்கள். எபனேசர் வருஷா வருஷம் ஆட்டு மயிர் விற்றுப் பணம் அனுப்பினார். செத்த மகனின் பெயரை வைக்கச் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் பழைய பெயர் என்ன என்று லூமிஸ் கேட்டான். அது அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டு வைக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் மிஸ் லூமிஸ்.

"அப்ப என்ர பூட்டன் ஆர்?" என்று அவன் என்னிடம் தமிழில் கேட்டான், ஏதோ எனக்குத் தெரிந்தது போல.

எனக்குத் தெரிந்ததெல்லாம் புடவைக்கடைதான். எங்கள் கடையில் உள்ளூர்த் தறித் துணிக்கு மான்செஸ்டர் லேபல் ஒட்டி விற்றதுண்டு. அப்பா லேபலின் ஒரு மூலையைக் கசக்கி ஒட்டுவார், கடல் தாண்டி வந்த களைப்புத் தெரிய வேண்டும் என்று. கொண்டுபோனவர்கள் நல்ல துணி என்று பேரப்பிள்ளை காலம்வரை உடுத்தியிருக்கிறார்கள். இதை அவனுக்கு ஆறுதலாகச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு பேரம் முறிந்தது என்று எழுந்து போக நான் வளர்க்கப்படவில்லை. பாத்திரம் கழுவும் சாட்டில் மிஸ் லூமிஸைக் குசினிக்குக் கூட்டிப்போய், அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். எடுத்த எடுப்பில் பெரிய விலை கேட்டேன்: எபனேசர் யாழ்ப்பாணம் போய் வந்தார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிழவியின் முதுகு நிமிர்ந்தது. உள்ளூர்ச் சபையில் ஒரு ஞாயிறு தவறாத மனிதனைப் பற்றி அப்படி ஒரு பொய் தன்னால் சொல்ல முடியாது என்றார். சரி என்று உடனே இறங்கினேன். எனக்கு வேண்டியிருந்ததே கீழ்விலைதான்: இவனுடைய குடும்பத்தை உங்கள் குடும்பமாக நினைக்கிறீர்கள் என்று மட்டும் வந்து சொல்லுங்கள். அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. அது உண்மைதானே, எனக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல இவனைத் தவிர யார் இருக்கிறார்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கேட்ட விலையைவிடக் கூடக் கொடுக்கிற ஆளிடம் எப்படி நடந்துகொள்வது என்று கடையில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் மூவரும் அக்காவுக்கான விண்ணப்பத்தோடு நகரத்தில் குடிவரவுக் கந்தோருக்குப் போனோம். இளம் அதிகாரி ஒருவர், மரியாதையான ஆள். மிஸ் லூமிஸ் தாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வகுப்பெடுத்தார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெயர் பெயர்தான், அம்மா, என்றார். வம்சம் என்றால் யாருக்கு யார் பிறந்தார்கள் என்பது. இவர் சொல்லுகிற அந்த யாழ்ப்பாணத்து முதல் டானியலுக்குத் தாய் யார்?

லூமிஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேடி, வெர்மான்டின் ஆடு, பனி, கல் மதில் எல்லாம் எங்கள் கையில் இருந்தது. அந்த வெள்ளைக்காரனுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இந்தக் கதையில் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவர் மண்டையிலும் ஒருநாள்கூட உதிக்கவில்லை.

எங்கள் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குடும்பத்தில் தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த செய்தியையும் கவனிப்பதுண்டு என்றார். கொழும்பில் அக்காவை அழைத்துப் பேசுவார்கள், அவர் தெரிந்ததைச் சொல்லட்டும், பார்க்கலாம்.

மிஸ் லூமிஸ் அன்று மாலையே கப்பலேறினார். நானும் லூமிஸும் ரயிலில் திரும்பினோம்.

"அக்கா பொய் சொல்லத் தேவையில்லை," என்றேன். "எங்கட குடும்பத்தில ஒரு அமெரிக்கன் இருந்தவர் எண்டு சொல்லுவினம். இந்த ஒரு வசனம் போதும். சின்னனில இருந்து அவ சொல்லுற வசனம்தானே."

"ஆனால் எனக்கு இப்ப உண்மை தெரியும்."

"அவவுக்குத் தெரியாது. சொல்லாதை. தெரியாத ஆள் சொன்னால் அது பொய்யில்லை."

ஸ்ட்ராத்ஃபீல்ட் வரும்வரை அவன் தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டினான். ஹோம்புஷில் இறங்கும்போது சரி என்றான்.

தந்தி அடித்து நாளும் நேரமும் பேசி, மார்டின் பிளேஸ் பெரிய தபால் கந்தோரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். வசனத்தை அவன் இரண்டு தரம் சொன்னான். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றாள். சாப்பிட்டியோ, நெஞ்சுச் சளி மாறிவிட்டதோ என்று கேட்டாள். அவள் குரலில் பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிற சந்தோஷம் இருந்தது. இப்போது கூட்டத்தில் ஆட்களை முட்டிக்கொள்கிறேன் தம்பி, ஆனால் நேரே பார்த்தால் முகம் தெரிகிறது, உன்னுடைய முகம் தெரியும் என்றாள்.

ஜூன் மாதம் கொழும்பிலே நேர்முகம். அது முடிந்த கிழமை திரும்பவும் அதே தபால் கந்தோர், அதே கூண்டு. லூமிஸ் ரிசீவரைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தான், நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

"நல்ல மனிசன் தம்பி," என்று தொடங்கினாள் அக்கா. "கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் கதிரையில இருத்தினவர். தேத்தண்ணி தந்தவர். என்ர இங்கிலிஷ் நல்ல இங்கிலிஷ் எண்டும் சொன்னவர்."

"நீங்கள் அந்த வசனத்தைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். சொல்ல அவர் கேக்கிறார், அந்த அமெரிக்கன் உங்கட கொப்பாட்டியைக் கலியாணம் முடிச்சவரோ எண்டு."

"நீங்கள்?"

"இல்லை எண்டன். அப்பிடி ஆரும் முடிக்கேல்லை."

லூமிஸ் கண்ணை மூடினான். கம்பியில் இரைச்சல் வந்து போனது.

"அப்ப முடிக்காமல் பிள்ளை பிறந்ததோ எண்டு கேட்டார். மரியாதையாத்தான் கேட்டவர், பிழை சொல்லக்கூடாது. நான் எழும்பிட்டன். எங்கட குடும்பத்தில ஒரு பொம்பிளையையும் அப்பிடிச் சொல்ல ஏலாது, நாங்கள் சுத்த வேளாளர், எங்கட ரத்தத்தில ஒருத்தற்ர கலப்பும் இல்லை, வட்டுக்கோட்டையில ஆரையும் விசாரிச்சுப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அவர் எல்லாத்தையும் எழுதினவர்."

"அக்கா, அப்ப அமெரிக்கன் அமெரிக்கன் எண்டு எனக்குச் சொல்லித் தந்தது ஆர்?"

"அது ஒரு பெருமைக்குச் சொல்லுறது, ராசா. அதுக்காகக் கொப்பாட்டியைக் கொண்டுபோய் விக்கச் சொல்லுறியோ?"

அக்கா கொஞ்சம் பொறுத்து, "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ தம்பி?" என்று கேட்டாள். குரல் இப்போது சின்னதாக இருந்தது.

"இல்லை அக்கா," என்றான் லூமிஸ். "சரியாத்தான் சொன்னனீங்கள்."

நேரம் முடிந்தது என்று இடையில் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல் சொன்னது.

எல்லாக் கணக்கும் போட்டவன் நான். கிழவியை மடக்கத் தெரிந்தது, அதிகாரியின் இரக்கத்தை மோப்பம் பிடிக்கத் தெரிந்தது. சரக்குக்கு உரியவள் கொடுக்கமாட்டேன் என்று சொல்லக்கூடும் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் குடும்பம் ஒரே தட்டில் இரண்டு பெருமையை வைத்திருந்தது, சுத்த சாதியும் அமெரிக்கப் பெயரும். நூறு வருஷமாக ஊரில் இரண்டும் நன்றாக விலைபோனது. ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றதை வாங்குவேன் என்று ஒரு ஆள் வருவான் என யாரும் நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தனை பேரிலும் அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான், அதுவும் உண்மை என்னவென்று தெரியாமல்.

மறுப்பு வந்தது. ஐரோப்பிய வம்சாவளி எதுவும் இல்லை என்பது விண்ணப்பதாரரே உறுதிப்படுத்திய விடயம் என்று அதில் இருந்தது. லூமிஸ் அதை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபிளாட்டில் வெர்மான்ட் என்ற சொல்லே கேட்கவில்லை. மிஸ் லூமிஸ் கிறிஸ்மஸுக்கு ஒரு போத்தல் மேப்பிள் பாணி அனுப்பினார். இருவருமே திறக்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. அடுத்த வருஷம், இனி யாரிடமும் இனம் நிறம் கேட்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. மெல்போர்னிலிருந்து ட்ரெவர் அழைத்து, இனி என் வம்ச மரத்தை விறகுக்குத்தான் விற்க வேண்டும் என்று சிரித்தான். லூமிஸ் சிரிக்காமல் திரும்ப விண்ணப்பம் போட்டான். இந்த முறை கேள்விகள் சுலபமாக இருந்தன. தம்பி இருக்கிறானா, பராமரிப்பானா, வீடு இருக்கிறதா. ஹோம்புஷிலேயே கொஞ்சம் பெரிய ஃபிளாட்டாகப் பார்த்து, மாடிப்படி இல்லாத கீழ்வீடாக எடுத்தோம். எல்லாம் சரி, வைத்தியப் பரிசோதனைதான் மிச்சம் என்றார்கள். கொழும்பில் டாக்டர் அக்காவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் பிரிகிறது. சத்திரசிகிச்சையால் இனிப் பயனில்லை. முற்றாகப் பார்வை இழந்தவர், வாழ்நாள் முழுக்கப் பொதுச் செலவுக்குப் பாரமாவார் என்று எழுதி மறுத்தார்கள். இரத்தத்தைக் கேட்பதை விட்டுவிட்டு இப்போது கண்ணைக் கேட்டார்கள். முதல் விண்ணப்பம் போட்டபோது கேட்டிருந்தால் கொடுக்க அது கொஞ்சம் இருந்தது.

மேல்முறையீடு செய்யலாமா என்று நான் நாலு பேரிடம் விசாரித்தேன். ஒரு வழக்கறிஞர் நம்பிக்கையாகப் பேசினார், அவர் பேசியது தன் கட்டணத்தை நம்பி என்பது எனக்கு உடனே தெரிந்தது. லூமிஸ் வேண்டாம் என்றான். கீழ்வீட்டின் இரண்டாவது அறையில் அக்காவுக்கென்று வாங்கிய கட்டிலில் நான் படுக்கத் தொடங்கினேன்.

1974 ஜூலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனான். ஒரு மாதத்துக்குப் பிறகு மாஸ்கொட் விமான நிலையத்தில் அவனைக் கூட்டிவர என்னுடைய பழைய ஹோல்டனில் போனேன். நல்ல குளிர், விடாத மழை. பெட்டியில் அக்கா கொடுத்த மிளகாய்த்தூள் மணம் கார் முழுக்கப் பரவியது. அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சந்திரவதனா என்று தூரத்துச் சொந்தத்துப் பெண் ஒருத்தியை ஒழுங்கு செய்ததாகச் சொன்னான். சமையலும் அவள்தான். அக்கா பைபிளை மனப்பாடமாகவே சொல்லுகிறாள், வாசிக்க முடியவில்லை என்ற குறை அவ்வளவாக இல்லை என்றும் சொன்னான். எபனேசரைப் பற்றியும் பெயர் வந்த விதத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அமெரிக்கன் வளவு என்று ஊரார் சொல்லுவதைக் கேட்க அவளுக்கு இப்பவும் பிடிக்கிறது, வேறு என்ன மிச்சம் இருக்கிறது அவளுக்கு என்றான்.

கண்ணாடித் துடைப்பான் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை, நான் வேகத்தைக் குறைத்தேன்.

"படலை திறந்த சத்தத்திலேயே அக்கா என்னைப் பிடிச்சிட்டா," என்றான். "தட்டித் தட்டி முற்றத்துக்கு வந்தவ. வந்து ரெண்டு கையாலயும் என்ர முகத்தைப் பிடிச்சு, நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம் தடவிப் பாத்தா."

"அழுதவவோ?"

"இல்லை. கறுத்துப் போனாய் தம்பி எண்டா."

சிரிக்கலாமா என்று நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் அக்கா, அங்க சரியான வெயில் எண்டன்."